கம்பெனி பூட்டிய பிறகும் உதிர்ந்த பொடி

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். கடை வாசலில் சாக்கு போட்டேன். அரை மணியில் சாக்கே சேறு. சிரப் பாட்டில்களை மேல் தட்டுக்கு ஏற்ற வேண்டும். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் மறுபடி உறுமல்.

இந்த நோட்டு இவர் அச்சகத்திலிருந்து கொண்டு வந்தது. அட்டை தலைகீழாக ஒட்டிய ரிஜெக்ட். கிடக்கட்டும், என் வீட்டுக்காரரைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள். அவரும் பார்க்க மாட்டார். காலண்டர் சீசனில் அவருக்குச் சாப்பிடவே நேரமில்லை.

பட்டாசுக் கம்பெனிகள் தீபாவளிக்குப் பூட்டியவை. 24ஆம் தேதி திறப்பு என்று பேச்சு. நாரணாபுரம் மொத்தமும் வீட்டில் இருக்கிறது, அதனால் என் மெடிக்கலில் கூட்டம். வேலை நாளில் கவனிக்காத உடம்பை எல்லாரும் லீவில்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.

பதினொரு மணிக்கு முத்துமாரி. கம்பி மத்தாப்புக் கம்பெனியில் கலவையில் கம்பி முக்குகிறவள். முப்பது வயது இருக்கும். புருஷன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் இவள் ரெண்டு முழங்கையிலும் சிவந்த வட்டத்தோடு வந்து நின்றாள். பார்த்ததும் சொன்னேன், படர்தாமரை. மூன்று மருந்து கலந்த ட்யூப் கொடுத்தேன். அன்றே கண்டிப்பாகச் சொன்னது: தனித் துண்டு, தனிப் பாய், துணி தனியாக அலச வேண்டும், பிள்ளையை மேலே போட்டுப் படுக்கக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். சொன்னதை அப்படியே கேட்டாள். மகள் யாழினிக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து எதிர்வீட்டு மதினியோடு படுக்கிறது.

இன்றைக்கும் அதே கேள்வி.

"கொஞ்சம் மங்கியிருக்குல்லக்கா? எப்பக்கா பிள்ளைய எங்கூடப் படுக்க வைக்கலாம்? கம்பெனி தெறக்கறதுக்குள்ள வச்சுக்கிட்டா நல்லாருக்கும். தெறந்துட்டா அலுத்துப்போயி வந்து விழுவேன், அவ மொகத்தப் பாக்க முடியாது."

"இன்னும் ஒரே ஒரு ட்யூப் தாயி."

எட்டாவது ட்யூப். வட்டத்தின் நடுவில் ஆறியிருக்கிறது, ஓரம் மட்டும் சிவப்பு. ப.தா.வுக்கு அதுதான் அடையாளம். பிடிவாதமான சாதி, அவ்வளவுதான். எட்டு மாதத்தில் பிள்ளைக்கு ஒரு புள்ளி ஒட்டவில்லையே! பிரித்து வைக்கச் சொன்னது நான். டாக்டர்கள்கூட இவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டார்கள்.

மதியம் மீன் குழம்பு. புளி தூக்கல்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். சாக்கு காயப் போட்டாயிற்று.

இன்று எல்லாம் தோல் கேஸ். யாரையும் இரண்டாம் தரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கலவை அறை போர்மேன்: உள்ளங்கை, விரல் இடுக்கு வெடிப்பு. மணிக்கட்டோடு நின்றுவிட்டது. லீவில் தானாகவே ஆறி வருகிறதாம். கலவை ஒத்துக்கொள்ளாத கை. கம்பெனியில் கையுறை போடுங்க அண்ணாச்சி என்றேன்.

வெற்றிலைக் கடைக்காரர்: புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்காகப் பொடுகு. ஷாம்பூ.

மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு குடும்பம்: புருஷனுக்கு இடுப்பில் வளையம், மனைவிக்கு வளையம், மாமியாருக்கு வளையம். மூன்று பேரும் கடை வாசலிலேயே சொறிகிறார்கள். இதற்கு நான் எதற்கு, தெருவில் போகிறவரே ப.தா. என்று சொல்லிவிடுவார்.

பள்ளிக்கூட டீச்சர்: மணிக்கட்டில் ஊதா நிறத்தில் தட்டையான பருக்கள். எனக்குத் தெரியவில்லை என்று எழுத மாட்டேன். டாக்டரிடம் போகச் சொன்னேன் என்று எழுதுகிறேன்.

இவர் சாப்பாட்டுக்கு வந்தவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "சபுரா, நீ நடத்துறது மெடிக்கலா ஆஸ்பத்திரியா?" என்றார். "பீஸ் வாங்காத ஆஸ்பத்திரி" என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

ஊரில் என்னை நம்புகிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான். பதினெட்டு வருஷம் ஒரே மேசைக்குப் பின்னால் நின்று சம்பாதித்தது. யார் என்ன மாத்திரை வாங்கினார்கள் என்று சீட்டைப் பார்க்காமல் சொல்வேன்.

நவம்பர் 10, திங்கள்

ஒரு விஷயம் நடந்தது. சின்ன விஷயம். ஆனால் மனசு ஆறவில்லை.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கடை திறந்தபோது முத்துமாரி நின்றுகொண்டிருந்தாள். விரல் வலிக்கு மாத்திரை கேட்டாள். காலையில் எழுந்ததும் விரல் மடங்க மாட்டேனென்கிறதாம்.

"ரெண்டு நாளா தெரு மோட்டார் பழுதுக்கா. குளிக்காம வந்துட்டேன், கோவிச்சுக்கிராதீக."

இதை எழுதி வைக்க வேண்டும். இந்த ஊர்ப் பெண்கள் கம்பெனியிலிருந்து நேரே என் கடைக்கு வர மாட்டார்கள். டாக்டரிடமும் போக மாட்டார்கள். உடம்பெல்லாம் அலுமினியப் பொடி, வெள்ளி முலாம் பூசியதுபோல் மினுங்கும். வீட்டுக்குப் போய், எண்ணெய் வைத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் குளித்து, முகத்துக்குப் பவுடர் பூசித்தான் வருவார்கள். அது எனக்குத் தரும் மரியாதை. லீவிலும் அந்தப் பழக்கம் போகாது.

மாரி கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசினாள். நான் மாத்திரை எடுத்துத் திரும்பினேன். அவள் கையை எடுத்த இடத்தில் வெள்ளையாக, மினுக்கமாகத் தூள்.

"கம்பெனிப் பொடிக்கா. எங்கன போனாலும் நம்மள விடாது" என்று முந்தானையால் துடைத்தாள். நானும் சிரித்துக்கொண்டே மிச்சத்தைத் துணியால் துடைத்தேன். அவள் போய்விட்டாள்.

துணியை உதறப் போனவள் அப்படியே நின்றேன். கம்பெனி பூட்டி மூன்று வாரம் ஆகிறது. பொடி எங்கிருந்து வந்தது?

விரலில் எடுத்துத் தேய்த்தேன். அலுமினியப் பொடி தேய்த்தால் விரல் ஈயம் பூசியதுபோல் பளபளக்கும். இது தேயவில்லை. மெழுகைச் சுரண்டியதுபோல் இதழ் இதழாக.

அது அவளுடைய தோல்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. வியாபாரம் மந்தம். அதுவும் நல்லதுதான்.

யார் என்ன வாங்கினார்கள் என்று பார்க்காமல் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டேனே, சொல்லிப் பார்த்தேன். முத்துமாரி, இந்த வருஷம்:

முழங்கைக்கு ட்யூப்.
பொடுகுக்கு ஷாம்பூ. மூன்று தடவை மாற்றிக் கொடுத்தேன், எதிலும் நிற்கவில்லை.
விரல் வலிக்கு மாத்திரை. கம்பி பிடித்துப் பிடித்து வந்த வலி என்று நானே காரணமும் சொன்னேன்.

மூன்றும் மூன்று நாள், மூன்று பேச்சு. மூன்றும் ஒரே உடம்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

பீரோவுக்கு மேலிருந்து டிப்ளமா படித்தபோது எழுதிய நோட்டை இறக்கினேன். பாச்சை அரித்த பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. சொரியாசிஸ்: முழங்கை, முழங்கால், தலை, காதுக்குப் பின்புறம், முதுகின் அடி, நகம். வெள்ளிச் செதில். மூட்டும் சேரலாம்.

வெள்ளிச் செதிலாம். இந்த ஊரில் வெள்ளியாக மினுங்காத கை எது? மற்ற ஊரில் பார்த்ததும் கண்ணில் குத்தும் அடையாளம், இங்கே கம்பெனிப் பொடியோடு பொடியாகப் போய்விட்டது. மிச்சத்தை நார் போட்டுத் தேய்த்துவிட்டு என் முன்னால் வருகிறார்கள். நான் பார்த்ததெல்லாம் தேய்த்த பிறகு நின்ற சிவப்பு மட்டும்.

ஆனாலும் நான் டாக்டர் இல்லை. போன தடவையும் பார்த்ததும்தான் சொன்னேன்.

மு.மா.வுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்: வியாழக்கிழமை வா, குளிக்காமல், எண்ணெய் வைக்காமல் வா.

நவம்பர் 13, வியாழன்

வந்தாள். தெருவை ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

"இப்படி அழுக்கோட ஒங்க கடைக்குள்ள வரச் சொல்றீகளேக்கா."

அலமாரிக்குப் பின்னால் உட்கார வைத்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முழங்கையில் தடித்த படை, மேலே அடுக்கடுக்காகச் செதில். முழங்காலிலும் இருக்கிறது. அதை அவள் காட்டவே இல்லை, நான் கேட்கவே இல்லை. முடி தொடங்கும் இடத்தில் நெற்றிக்கு இறங்கிய கோடு. காதுக்குப் பின்னால் வெடிப்பு. கால் ஆடுசதையில் வேலிமுள் கீறிய இடம், கீறல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குத் தடிப்பு. விரல் நகங்களில் குண்டூசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாகப் பள்ளம். அந்த விரல்களை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். பள்ளத்துக்குள் பொடி அடைந்திருக்கும், கம்பெனி நகம் என்று விட்டுவிடுவேன்.

"இது படர்தாமரைதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு தாயி."

"ஒங்களுக்கா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு போய், குரல் இறங்கியது. "பெருநோயாக்கா? மதினி ஒருநா அப்படித்தான் சொன்னாக."

பஞ்சைத் திரித்து, அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் படை மேல் வைத்தேன். "தெரியுதா?" "கூசுதுக்கா." எனக்கு மூச்சு வந்தது. குஷ்டமென்றால் அந்த இடம் மரத்துப்போயிருக்கும். ஆனால் அதையும் நான் தீர்ப்பாகச் சொல்லவில்லை. விருதுநகரில் தோல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், செவ்வாய்க்கிழமை போகலாம், நானே கூட வருகிறேன் என்றேன்.

"நீங்களே குடுங்கக்கா. அங்கன போயி முன்னப் பின்னத் தெரியாதவுககிட்ட எப்படிக் காட்டுறது?"

"வருவ. நான் சொல்றேன், வருவ."

நான் சொன்னால் கேட்பாள். அதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

கடைக்குப் பூட்டு. பெருநாள் தவிர நான் பூட்டிய நாள் அபூர்வம்.

சிவகாசியில் பஸ் ஏறினோம். மாரி கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தாள். குளிக்க விடாததற்கு அது ஈடு போல. இடம் இருந்தும் பக்கத்தில் ஆள் உட்காராதபடி கூடையை வைத்துக்கொண்டாள். கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

டாக்டர் அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். முதல் கேள்வியே, "குளிச்சிட்டு வந்தீங்களா?"

மாரி என்னைப் பார்த்தாள். "இல்லம்மா. அக்கா வேணாம்னாக."

"நல்லது. இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாம் நல்லாத் தேய்ச்சுக் குளிச்சு, பார்க்க வேண்டியதை வீட்லயே விட்டுட்டு வந்துருவாங்க."

கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டினார். செதில் மெழுகாக உதிர்ந்தது. கடைசி ஏடு போனதும் அடியில் ஊசிமுனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள். சுரண்டியதை மருந்துச் சொட்டில் போட்டு நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "பூஞ்சை இல்லை."

பிறகு கேட்டார், "இதுக்கு என்ன போட்டீங்க?"

"தேங்கா எண்ணெதாம்மா."

"ட்யூப் எதுவும்?"

"இல்லம்மா."

என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்றுகிறாள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தையும் எழுதிவிடுகிறேன், இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது. பிறகு கைப்பையிலிருந்து ட்யூபை எடுத்து மேசையில் வைத்தேன்.

"எட்டு மாசம். எட்டு ட்யூப். என் கடை. நான்தான் கொடுத்தேன்."

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ட்யூபைத் திருப்பிப் படித்தார்.

"இதுல இருக்கிற ஸ்டீராய்டு வீரியமானது. போட்டா மங்கும், விட்டா எகிறும். நடுவுல ஆறி ஓரம் மட்டும் நிக்கும். பார்த்தா படர்தாமரை வளையம் மாதிரியே இருக்கும்."

"அந்த வளையத்தைப் பார்த்துத்தான் மறுபடி மறுபடி இதையே கொடுத்தேன்."

"படர்தாமரையா இருந்திருந்தாலும் இது கெடுதல்தாங்க. சரி, பொடி உதிர்றதை யார் கவனிச்சது?"

"நான்தான்."

"குழப்பினதும் நீங்க, கண்டுபிடிச்சதும் நீங்க" என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

மாரியிடம் நிதானமாகச் சொன்னார். இது சொரியாசிஸ். மேல் தோல் ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டியது, இவள் உடம்பில் அவசரப்பட்டுச் சில நாளில் வந்துவிடுகிறது. அடியோடு போகாது, ஆனால் நன்றாக அடக்கி வைக்கலாம். பழைய ட்யூபைத் திடுமென்று விடக் கூடாது, எழுதியபடி படிப்படியாக மாற்ற வேண்டும். நாரைத் தூக்கி எறிய வேண்டும், தேய்த்த இடத்திலேயே புதிதாக வரும். விரல் வலி சாதாரணம் இல்லை, ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்து அடுத்த வாரம் வர வேண்டும்.

கடைசியாக, "இது ஒட்டாது. யாருக்கும் ஒட்டாது" என்றார்.

மாரி சீட்டை மடித்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பும்போது ஆமத்தூர் தாண்டியதும் கேட்டாள்.

"அப்ப எட்டு மாசமும் அவ எங்கூடப் படுத்திருக்கலாமாக்கா?"

"படுத்திருக்கலாம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திருத்தங்கல்லில் பஸ் நின்றபோது கடலை வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து, பாதியை என் கையில் கொட்டினாள்.

நவம்பர் 19, புதன்

தட்டிலிருந்த அந்த ட்யூப் அத்தனையும் அட்டைப்பெட்டியில் போட்டு ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பினேன்.

இவர், "விடு சபுரா. எல்லா மெடிக்கல்லயும் இதைத்தானே குடுக்குறாங்க" என்றார். ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று வந்தது. "எல்லாரும் குடுத்தா அது சரியாயிருமா?" என்று கத்திவிட்டேன். போய்க் காலண்டர் கட்டுகளை அடுக்கினார். ராத்திரிக்கு அவருக்குப் பிடித்த இடியாப்பம் செய்ய வேண்டும்.

இனிமேல்:
தோலுக்குச் சீட்டு இல்லாமல் ட்யூப் கிடையாது.
முதல் கேள்வி, குளிச்சிட்டு வந்தீகளா.
ஒரே ஆள் தலைக்கு ஒன்று, கைக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று வாங்கினால் மூன்றையும் சேர்த்துப் பார்.
வெங்காயம், தேங்காய், இடியாப்ப மாவு.

பதினோரு மணிக்கு ஒருத்தர் வந்து அதே ட்யூப் கேட்டார். இல்லை என்றேன். "போன வாரம் குடுத்தீகல்ல?" "போன வாரம் எனக்குப் புத்தி இல்ல அண்ணாச்சி." முறைத்துவிட்டு அடுத்த தெரு மெடிக்கலுக்குப் போனார். போகட்டும். நாளைக்கு அங்கே போய் அந்தக் கடைக்காரரிடமும் பேசுகிறேன். நான் பேசினால் கேட்பார். எனக்கு அந்த நம்பிக்கை இன்னும் போகவில்லை.

நவம்பர் 22, சனி

வெறித்த வானம். மழை நின்றது.

மாரி வீட்டுக்குப் போனேன். பிள்ளை இந்நேரம் அம்மா மடியில் கிடக்கும், பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனது. நான் நினைத்தது நடக்கவில்லை. யாழினி எதிர்வீட்டு வாசலில் மதினி காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. மாரி தன் வீட்டு வாசலில். நடுவில் தெரு.

"நாங்களுஞ் சொல்லிப் பாத்துட்டோம். அவ வரமாட்டேங்கிறா. நாலு நாளா இதே கூத்துத்தான்" என்றாள் மதினி.

நான் குனிந்து, "ஏன் பிள்ள, அம்மாகிட்ட போகல?" என்றேன்.

"அம்மாவத் தொட்டா எனக்கும் வரும்."

"யாரு சொன்னா?"

"மெடிக்கல் அக்கா சொல்லிருக்காக."

டாக்டர் சொன்னது, அம்மா சொன்னது, மதினி சொன்னது எதுவும் எடுபடவில்லை. என் பேச்சுதான் உள்ளே இறங்கியிருக்கிறது. அழுகை வந்தது. அழ வந்த இடமா அது?

"நான்தான் மெடிக்கல் அக்கா. தப்பாச் சொல்லிட்டேன்."

பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது. நம்பவில்லை.

தெருவைக் கடந்து மாரி பக்கத்தில் வாசல்படியில் உட்கார்ந்தேன். அவள் முழங்கையைப் பிடித்து, செதிலோடு இருந்த இடத்தை என் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன். மாரி, "வேணாங்க்கா, விடுங்கக்கா" என்று கையை இழுத்தாள். விடவில்லை. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். எட்டு மாதம் ஊருக்குள் சொன்னதை ஊருக்கு நடுவில்தானே திருப்பிச் சொல்ல வேண்டும்.

யாழினி பாதித் தெரு வரை வந்தது.

"நாளைக்கு ஒங்களுக்கு வருமா?"

"வராது. நாளைக்குக் கடைக்கு வந்து பாத்துக்க."

அம்மா பக்கம் வராமல் திரும்பிப் போய்விட்டது. மாரி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். டீ போடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பாள் என்று குடித்தேன். சர்க்கரை அதிகம்.

நவம்பர் 23, ஞாயிறு

காலை பத்து மணி இருக்கும். மதினி கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. மேசை உயரம்கூட இல்லை. உள்ளே விட்டேன்.

"வெளிச்சத்துக்கு வாங்க" என்றது.

போனேன். குனியச் சொன்னது, குனிந்தேன். முகத்தை இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. காதுக்குப் பின்னால் பார்த்தது. கையை நீட்டச் சொல்லி நகத்தையும் பார்த்தது. எல்லாம் அம்மாவுக்கு டாக்டர் பார்த்ததாகக் கேட்டறிந்தது போலும். என்னைவிட நிதானமான ஆள். நான் பார்த்ததுமே சொல்வேன், இது முழுக்கப் பார்த்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை.

மதினி, "என்னடி, இருக்கா?" என்றாள்.

தலையை இடம் வலமாக ஆட்டியது. ஆட்டிவிட்டு மதினி கையை உதறிக்கொண்டு தெருவில் ஓடியது. எந்த வீட்டுக்குள் போனது என்று இங்கிருந்து தெரியவில்லை.

இவருக்கு ஜலதோஷம். கஷாயம் வைக்க வேண்டும். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறதுபோல் எனக்கு வேலை ஓடவில்லை.

நவம்பர் 24, திங்கள்

கம்பெனி திறப்பு. ஆறரைக்கே கம்பெனி வண்டிகள். தெருவெல்லாம் தூக்குவாளிச் சத்தம். எட்டு மணிக்குக் கடை திறந்தேன். முதல் ஆள் மதினி, தலைவலி மாத்திரைக்கு.

"மாரி வேலைக்குப் போயிட்டாளா?"

"எங்கன போக? வண்டிக்காரன் ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டான். நானும் போயி சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். எழுப்ப மனசு வரலக்கா. ஒரே பாய்ல ரெண்டு பேரும் இன்னும் எந்திரிக்கல."